எட்டு சதவீதம்

அஹ்ஸன் போனில் கத்தியே விட்டான். அவன் கணக்கிட்ட கோடு, இக்ரா அளந்த புள்ளிகளின் மேல் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டதாம்.

இக்ரா வீரபாண்டியில், அத்தா வீட்டு மாடியில் இருந்தாள். கீழே அத்தாவின் பனியன் யூனிட். ஓவர்லாக் தையல் மெஷின்களின் அதிர்வு நாற்காலி வரை வந்தது.

அவள் வேலை அளப்பது. ஹீலியம் வாயுவுக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவை மோதி எத்தனை அணுக்கள் தம் எலக்ட்ரானை இழக்கின்றன என்று பார்ப்பது. சென்னை ஆய்வகத்தில் மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

அஹ்ஸன் அவள் கணவன். பெங்களூரில், அதே மோதலைக் கணினியில் கணக்குப் போடுகிறவன்.

இருவர் பெயரும் சேர்ந்து வரப்போகும் முதல் கட்டுரை. இன்று மாலை இதழுக்குப் போகிறது.

“மாமாகிட்டயும் சொல்லிடு,” என்றான், அவள் அத்தாவை நினைத்து.

அவள் மடியில் ஆய்வகக் குறிப்பேடு விரிந்திருந்தது.

வாயுவைத் தாண்டி வரும் எலக்ட்ரான்களை ஓர் உலோகக் கிண்ணம் பிடித்து எண்ணும். அதற்கு முப்பது வோல்ட் கொடுக்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் எலக்ட்ரான்கள் வெளியே துள்ளிப் போய்விடும், எண்ணிக்கையில் வராது. குறைந்த எலக்ட்ரான்களே அத்தனை அணுக்களையும் மோதியதாகக் கணக்காகி, விடை உண்மையைவிடக் கூடிவிடும்.

குறிப்பேட்டில், அவள் கையெழுத்தில், மூன்று என்று இருந்தது.

பூஜ்யம் விட்டுப்போயிருக்கும் என்றுதான் காலையில் நினைத்தாள். கருவியே பதிந்து வைத்த கோப்பைத் திறந்தாள். அதிலும் மூன்று. எல்லா நாளும் மூன்று.

மதியத்துக்குள் பிழை எவ்வளவு என்றும் தெரிந்துவிட்டது. அவள் அளந்த எண்கள் எல்லாமே எட்டு சதவீதம் அதிகம்.

வேறு யாரும் அந்தக் கோப்பைத் திறக்கப்போவதில்லை.

“ஏங்க, கட்டுரைய அனுப்ப வேண்டாங்க,” என்றாள். “என் அளவு தப்பு. எட்டு சதவீதம் கூட வந்திருக்கு.”

கோபப்படுவான், இல்லையென்றால் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்பான். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தாள்.

அவன் “எட்டா?” என்று மட்டும் கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அளவு தப்பென்றால், கணக்கு எப்படி அதன்மேல் வந்து உட்கார்ந்தது?

“எனக்கு மொதல்ல எட்டு சதவீதம் கம்மியாத்தான் வந்துச்சு, இக்ரா,” என்றான் அஹ்ஸன். “நீ அளந்தா தப்பாகாதுன்னு, நாலு மாசமா என் கணக்கத்தான் திருத்திட்டு இருந்தேன்.”