மஞ்சள் பழமும் வெள்ளைச் சட்டையும்

"இது சட்டையா, உலக மேப்பா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

நீலம் போட்டு வெளுத்த சட்டையை வேலி மேல் விரித்துக் காட்டினார் கிளாரன்ஸ். முதுகு முழுக்க ஊதாக் கறை.

அடுத்த வீட்டு நோரா டீச்சர் வாசற்படியில் நின்றபடியே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மேப்புல நம்ம காக்ஸ் டவுன் எங்க இருக்கு தம்பி?"

"கிண்டல் வேணாம். எல்லாம் உங்க டுராண்டா செடியோட வேலை. பழம் தின்ன வர்ற புல்புல் குருவி பூரா என் துணிக் கொடியிலதான் ஒக்காருது. போன வாரம் ரெண்டு சட்டை, நேத்து தலகாணி உறை, இன்னிக்கு இது. ஃபேக்டரிக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

வேலியோரத்துப் புதர் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் முத்துகளாகப் பழுத்துத் தொங்கியது. டீச்சரின் கணவர் நட்டது. அவர் காலமாகி மூன்று மாதம் ஆகிறது.

"உங்க அவரைப் பந்தல்ல புழுவே இல்லியே, அது யார் தயவு? அந்தக் குருவிங்கதானே பொறுக்கித் தின்னுது?"

"என் ரோஜாத் தொட்டியில எல்லாம் உங்க செடி முளைக்குதே, அது யார் தயவு?"

"சும்மா கன்னு குடுத்தா கசக்குதா?"

கிளாரன்ஸ் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "அதை விடுங்க. அந்தப் பழம் மனுசங்களுக்கு விஷம். எதிர் வீட்டுப் பாப்பா இப்பத்தான் நடக்குது. ரெண்டு பழத்தை வாயில போட்டுக்கிட்டா? வீட்டு ஓனர்கிட்ட சொல்லி வேரோட எடுக்க வைக்கிறேன்."

"வேரோடயா?"

டீச்சர் புதரைப் பார்த்தார். உச்சிக் கொத்தில் ஒரு புல்புல் தலையைச் சாய்த்துப் பழம் பறித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா விஷயம் நியாயம். கைக்கு எட்டற கொத்தெல்லாம் நானே வெட்டிடறேன். மேல இருக்கறது குருவிக்கு. ஓனர்கிட்ட போகாதீங்க தம்பி. சட்டையைக் குடுங்க, துவைச்சுத் தர்றேன்."

சொன்னபடியே கத்தரிக்கோலுடன் கேட்டைத் தாண்டி வந்து, தெருப் பக்கத்துக் கொத்துகளை வெட்டத் தொடங்கினார். எதிர் வீட்டுக்காரி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச வந்தாள்.

கிளாரன்ஸ் சமையலறைக்கு ஓடினார். "கேட்டைத் தாண்டிட்டாங்க பவுலின். அடக்கத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் தெருவுல கால் வெச்சிருக்காங்க. வாயே தொறக்காதவங்க என்னா பேச்சுப் பேசறாங்க தெரியுமா?"

அவர் மனைவி பவுலின் சிலுவை போட்டுக்கொண்டாள். "எல்லாம் சரி. நாவல்பழத்தை நாமளே நசுக்கிப் பூசிட்டு, குருவி மேல பழி போடறோமே."

"சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். சாமியார் மூணு செபம் சொல்லச் சொன்னாரு. அப்புறம், அடுத்தது எந்தச் சட்டைன்னு கேட்டாரு."

மாலையில் சட்டை பளிச்சென்று வெளுத்து, இஸ்திரி போட்டு, வேலி மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சட்டைப் பையில் சிவப்பு மையில் எழுதிய ஒரு சீட்டு:

"மஞ்சள் பழத்தில் ஊதாக் கறை வராது தம்பி. நாளைக்குக் கொஞ்சம் பழைய சட்டையாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வாருங்கள். காபி போட்டு வைக்கிறேன்."