துரு ஏறாத பெயர்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜம்மென்று ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டார் தெய்வசிகாமணி. அவர் மனைவி கமலவேணிதான் கித்தான் பையில் சுற்றிய துப்பாக்கியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

உப்பளம் பகுதியில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தணிகாசலத்துக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கினால் இந்த மிதப்பு தானாக வந்துவிடும் போல.

"முசே இறங்க மாட்டாராம்மா?" பிரெஞ்சுக்கார 'ஐயா' போட்டுக் குத்தலாகக் கேட்டான்.

"இருக்கட்டும் தம்பி. எலெக்‌ஷன் வருதில்ல, நாளைக்கு இதை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். போன தடவை அங்க கெடந்து துரு பிடிச்சுத் திரும்பி வந்துச்சு. கிரீஸ் பூசிக் குடுங்க. அதுல வெட்டியிருக்கற எழுத்து மேல மட்டும் நல்லா அப்பிடுங்க."

பையைப் பிரித்தான். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. விசைக்கு மேலே இருந்த தகட்டில் 'பாக்கியலட்சுமி' என்று ஆழமாக வெட்டியிருந்தது.

"உங்க பேரா?"

"இல்ல, நான் கமலவேணி."

தணிகாசலம் ஆட்டோவை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினான்.

"துருவுக்குக் காரணமே இந்த எழுத்துதாம்மா. கம்பெனியில ஏத்தின கறுப்புப் பூச்சுதான் இரும்பைக் காப்பாத்தறது. அது மேல உளி வெச்சு வெட்டிட்டு, மறுபடி பூச்சு ஏத்தாம விட்டிருக்காங்க. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு மொதல்ல அங்கதான் பிடிக்கும்."

சொல்லிக்கொண்டே உற்றுப் பார்த்தவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. குழலில் அங்கங்கே துரு. எழுத்துகளில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. யாரோ தினமும் எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! கட்டிய பெண்டாட்டி எதிரிலேயே இன்னொருத்தி பேரைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், அதை அவள் தலையிலேயே கட்டியும் அனுப்பியிருக்கிறார். தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சாயந்திரம் வரைக்கும் விட்டுட்டுப் போங்க. இந்தப் பேரை அரத்தால தேய்ச்சு எடுத்துட்டு, மேல புதுசா கறுப்பு ஏத்திடறேன். துருத் தொல்லையும் ஒழியும். வேணும்னா உங்க பேரை வெட்டித் தரேன்."

பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தை கமலவேணியின் விரல் மெல்லத் தடவியது. இன்னொரு பெயர் தாராளமாகக் கொள்ளும்.

"ஆசை இல்லாம இருக்குமா தம்பி? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பாத்துட்டிருக்கேன். என் பேரும் இங்க இருந்தா எப்படியிருக்கும்னு எத்தினியோ தடவை ஏங்கியிருக்கேன்."

"அப்புறமென்ன, தேய்ச்சுடவா?"

அவன் அரத்தை எடுப்பதற்குள் அவள் உள்ளங்கையால் எழுத்துகளை மூடிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. இது அவரோட மொத சம்சாரம். அவரு கடல் தாண்டிப் பட்டாளத்துல இருந்தப்ப, பிரசவத்துல போயிட்டாங்க. கடைசியா மொகத்தைக்கூட அவரு பாக்கல. வீட்ல அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்ல, இந்தப் பேரு மட்டுந்தான்."

"அதுக்காக, அவரு இதைத் துடைச்சுட்டு உக்காந்திருக்கறதை நீங்க காலம்பூரா பாத்துட்டிருக்கணுமா?"

கமலவேணி ஆட்டோப் பக்கம் திரும்பினாள். அங்கே தெய்வசிகாமணியின் கை, துப்பாக்கி இல்லாத மடியைத் துழாவிக்கொண்டிருந்தது.

"அவருக்குப் பார்வை போயி ரெண்டு வருஷமாச்சு தம்பி. விரலாலதான் தெனமும் அந்தப் பேரைப் படிக்கிறாரு. துரு ஏறிட்டா எழுத்து விரலுக்குத் தெரியாதில்ல, அதான் நான் எண்ணெய் போட்டு வெக்கறேன்."