மச்சான் போட்ட மோதிரம்

"அப்ப இந்த மோதிரம் வானத்துல இருந்து விழுந்துச்சாக்கும்?"

"கல்யாணத்துல யாராவது போட்டிருப்பாங்க. விடு, குமுதினி."

அவள் கணவன் கதிரேசன் சிரித்தான். மணமேடையில் மைத்துனன் போடும் மோதிரம் அது. போட்டவன் அவள் தம்பி நன்மாறன். நகரைக் காக்கப் போய் இறந்தவன்.

நகரைப் பிடித்த புதிய அரசு முதலில் வீட்டுப் படங்களிலிருந்து அவனை நீக்கியது. நேற்று கதிரேசன், அவனை மனதிலிருந்தே அழிக்கும் நினைவுத் திருத்தம் செய்துகொண்டு வந்தான். இன்று பத்து மணிக்கு அவள் முறை. போகாவிட்டால் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடையாது.

குமுதினி கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிறகு தம்பியின் பெயரைத் தாளில் எழுதிக் கணவன் கையில் திணித்தாள்.

"திரும்பி வந்து, இது யாருன்னு நான் கேட்பேன். உன் தம்பின்னு சொல்லுங்க. உங்களுக்கே நம்பிக்கையில்லைன்னாலும் சொல்வீங்களா?"