கைகாட்டும் கணினி

தெருக்காரர்களின் கேள்விக்கெல்லாம் கணினியே வீட்டுக்கு வீடு போனில் பதில் சொல்லிவிட்டால், சமூகக்கூடத்தை இழுத்து மூடிவிடலாம் என்பது மேலதிகாரியின் கணக்கு. இன்று அதற்குக் கடைசிச் சோதனை. கூடத்துப் பொறுப்பாளர் சாவிக்கொத்தை இறுகப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

"சமையலறைக் குழாய் ஒழுகுது. என்ன பண்ணலாம்?" என்று கணினியிடம் கேட்டார் அதிகாரி.

"தையல்கடை அக்கா வீட்டுக்காரர் நல்லா பார்ப்பார். கூப்பிடுங்க," என்றது கணினி.

"பையனுக்குக் கணக்கு வரல."

"மாடிவீட்டு டீச்சர் சாயங்காலம் கூடத்துக்கு வருவாங்க. அனுப்பி வைங்க."

அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னம்மா இது? விவரமெல்லாம் உள்ள ஏத்தியாச்சு. வாயைத் திறந்தா ஆளைக் கைகாட்டுது!"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். அறைக்கு வெளியே, கூடத்தில் டீச்சரைச் சுற்றிப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். போன மாதம் சோதனை தொடங்கும்வரை வெறிச்சோடிக் கிடந்த கூடத்தில் இன்று உட்கார நாற்காலி இல்லை.

"இதை நம்பிக் கூடத்தை எப்படி மூடுறது? இதுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மடையன் யாரு?"

அவள் நிமிர்ந்தாள். வேலை போனால் போகட்டும்.

"மடையன் இல்ல சார், மடச்சி. நான்தான். தானே பதில் சொன்னப்பல்லாம் தப்புன்னு மார்க் போட்டேன். ஒரு மனுஷரைக் காட்டினப்பல்லாம் சரின்னு போட்டேன். சமத்துப் பிள்ளை, சீக்கிரமே புரிஞ்சுக்கிச்சு."