நல்ல செய்தி சொல்லாத வீடு

மூளையில் குடி ஆசை தலைதூக்கினால், தினகரனின் காதுக்குப் பின்னால் பதித்த மின்னணு வில்லை கூவும். கூவினால் மறுவாழ்வு மையத்து வேன் வந்து அள்ளிக்கொண்டு போய் ஒரு வாரம் உள்ளே வைத்துவிடும்.

துக்கத்துக்கு அது வாயே திறக்காது. அம்மா செத்த அன்றுகூடச் சும்மாதான் இருந்தது. அவர் சந்தோஷத்துக்குக் குடித்த ஆள். இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்த அன்று கூவிவிட்டது. அதிலிருந்து வீட்டில் யாரும் அவரிடம் நல்ல செய்தி சொல்வதில்லை. மகள் ஓவியாவுக்குப் பதவி உயர்வு வந்ததைக்கூட, "பாவம், அவளுக்கு வேலை ஜாஸ்தியாயிடுச்சு" என்றுதான் சொன்னார்கள்.

இன்று மனைவி ரேவதி போனை நீட்டினாள். ஓவியா பேசினாள்.

"ஒரே வாந்திப்பா. சோத்தைப் பாத்தாலே குமட்டுது."

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"இன்னும் ஏழு மாசத்துல சரியாயிடுமாம்."

தினகரன் அவசர அவசரமாகத் தன் பல்வலியை நினைத்தார். பிறகு செத்துப்போன அம்மாவை நினைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வில்லை கூவியது.

"ஏன்டி சொல்ல விட்ட?"

"தாத்தா ஆகப்போறீங்க. இதுக்குக்கூட சந்தோஷப்படலைன்னா எப்படி? ஒரு வாரம்தானே, போயிட்டு வாங்க" என்றாள் ரேவதி.

அவருடைய லுங்கியையும் துண்டையும் மடித்து வைத்த பை, போன் வருவதற்கு முன்பே வாசலுக்கு வந்திருந்தது.