பசை காயாத மரம்

நகரமைப்பு முதுகலையின் கடைசித் தேர்வுக்குச் சுகிர்தா செய்த மாதிரி நகரம் மேசைமேல் இருந்தது. அட்டைக் கட்டடங்கள், நடுவே நீலக் கண்ணாடித்தாளில் கால்வாய், கரை நெடுகப் பச்சைப் பஞ்சு மரங்கள். பட்டா இல்லாத வீடுகளை வரைபடத்தில் குறிக்காமல் வெற்றிடமாக விடுவது அந்த வகுப்பின் வழக்கம். வெற்றிடத்தில் பூங்கா வைத்தால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். அவளும் வைத்தாள். பட்டா இல்லாத தன் வீடும் நிஜத்தில் அந்தக் கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது என்று அங்கே யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

தேர்வாளராக வந்திருந்த அரசு அதிகாரிக்குப் பூங்கா ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இத அப்படியே செஞ்சிடலாம்மா. மாடல் என் ஆபீசுலயே இருக்கட்டும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து, மகள் செய்ததைப் பார்க்க அம்மா தேசம்மா வந்து நின்றாள். கால்வாய் வளைவில் இருந்த குட்டிக் கோயிலைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏய், நம்ம கோயிலு! அப்போ நம்ம வூடு எங்கடி?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். தேசம்மா கோயிலிலிருந்து தினமும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே விரலை நடத்திக்கொண்டுபோய் ஒரு மரத்தின்மேல் நிறுத்தினாள். பசை காயாத மரம் விரலோடு வந்துவிட்டது. அடியில் வெறும் வெள்ளை அட்டை.

"ஐயோ, பிச்சிட்டனே! மன்னிச்சிக்கோ சார்," என்று பதறியவள், மரத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, அது ஒட்டும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.