இரண்டு ஐந்தாம் எண்கள்

ஒரே பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. அவற்றில் ஓர் ஆஸ்பத்திரிக் கணினிக்கு, அறுவை மேசையில் கிடந்த ஒருத்தியின் ரத்த வகையைச் சுமந்துகொண்டு ஒரு தரவுப் பொட்டலம் கம்பி வழியே ஓடியது.

"எங்கேடா இவ்வளவு அவசரம்?" என்றது பக்கத்தில் வந்த பொட்டலம்.

"ஐந்தாம் எண் வீட்டுக்கு, அண்ணே."

"அட, நானும் ஐந்தாம் எண்தான்! கல்யாண மண்டபத்துக் கணினி. பாயசத்துக்கு எவ்வளவு சேமியா என்று சொல்லப் போகிறேன்."

வீடு மாறிப்போனால் அவள் பிழைப்பாளா? ரத்த வகைப் பொட்டலம் பெரிய கணினியின் வாசல் காவலாளியிடம் ஓடி அழுதது.

"ஐயா, என்னை மண்டபத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்!"

"இங்கே அவரவர் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொள்வார்கள். அதை நம்பியா நான் கதவு திறக்கிறேன்? திரும்பு, முதுகைப் பார்க்கிறேன்."

கிளம்பும்போதே 'இது ஆஸ்பத்திரியுடையது' என்று எழுதி யாரோ முதுகில் ஒட்டியிருந்த சீட்டு அதற்கே தெரியாது. காவலாளி படித்தார், கிழித்தார், ஒரு கதவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரிக் கணினி ரத்த வகையை அள்ளி வாங்கி உடனே மேசைக்கு அனுப்பியது. பிறகு பெருமூச்சு விட்டது.

"நல்லவேளை வந்தாய். எனக்கு அக்கம்பக்கமே கிடையாதப்பா. இந்த ஊரிலேயே நான் ஒரு வீடுதான்."

பொட்டலம் மலைத்துப்போய்ச் சுவரில் காதை வைத்தது. அந்தப் பக்கம், மண்டபத்துக் கணினியின் வீட்டில், ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.